முதல் ரேஸ் கேம், முதல் ஸ்டீயரிங்

கம்ப்யூட்டரில் கார் ஓட்டிப் பழக விரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த ஸ்டீயரிங் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதை ஓட்டப் போகிறீர்கள்? லாரி ஓட்டுகிறவருக்கு இரண்டரைச் சுற்றாவது திரும்பும் ஸ்டீயரிங் வேண்டும். எஃப்1 கார் ஓட்டுகிறவருக்கு ஒரு சுற்றே போதும். காட்டுப்பாதையில் ரேலி ஓட்டுகிறவருக்குக் கையால் இழுக்கும் பிரேக்கும் ஒருநாள் தேவைப்படும். கேமை முதலில் தேர்ந்தெடுங்கள். அடுத்து, வீட்டில் எந்த இடத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டீயரிங்குக்குப் பணம் கட்டுவது மூன்றாவது வேலை. இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது.

நெல்லைப் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த ஆசை வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டின் பெயர்பெற்ற பந்தயத் தடங்கள் இரண்டுமே நமக்கு வெகுதூரம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறக்கப்பட்டது; சுற்று 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்தபோது, அதைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டியிருந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, எஃப்1இல் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் இருக்கும் பையன்களுக்கு ரேஸ் என்பது டிவியில் வரும் வெளிநாட்டுச் சமாச்சாரமாக இல்லை. அவர்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தடம் அவர்கள் வீட்டு மேசைதான்.

கேம்

உடனே ரேஸில் குதிக்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை, ரேஸே இல்லாத ஒரு கேம்: யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டின் எஸ்சிஎஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. இன்றைக்கும் சாதாரண கம்ப்யூட்டரில் ஓடுகிறது. தள்ளுபடிக் காலத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறது. இதில் நமக்கென்றே ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதி வலதுபக்கம் ஓட்டும் நாடுகள். ஆனால் கேமின் அடிப்படை வரைபடத்திலேயே பிரிட்டனும் இருக்கிறது. அங்கே நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்ட வேண்டும்; டிரைவர் இருக்கை வலதுபக்கம் உள்ள லாரியையும் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலிருந்து தொடங்கினால், பார்த்துப் பழகிய சாலை ஒழுங்கு கையைக் குழப்பாது. லாரியை ரிவர்ஸில் விட்டு டிரெய்லரைக் குறித்த இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்கிறவருக்கு, ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் வண்டி எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு விரலில் ஏறிவிடும். நம் அரசுப் பேருந்தின் நிறமும் பெயர்ப்பலகையும் பூசிய மாட்களை (கேமில் சேர்த்துக்கொள்ளும் ரசிகர் தயாரிப்புகளை)த் தமிழ்நாட்டு இளைஞர்களே செய்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு ஈர்ப்பு. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் தொடங்கியவர்கள் நம்மூரில் ஏராளம். அது கைபேசிக்கான கேம். அதை நம்பி ஸ்டீயரிங் வாங்கக் கூடாது. அதில் ருசி கண்டவர்கள் அடுத்து வர வேண்டிய இடம் இந்த லாரிதான்.

தடத்தில் ஓட்டும் ஆசை உறுதியாக இருந்தால் அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட கேம் இது. இதற்குப் பின் வந்தவை படத்தில் அழகாக இருந்தாலும், தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காரணம் இரண்டு. டயர் சாலையைப் பிடிப்பதையும் விடுவதையும் ஸ்டீயரிங் வழியாக மிகத் தெளிவாகச் சொல்கிறது. உலகெங்கும் ரசிகர்கள் செய்த கார்களும் தடங்களும் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. எல்லாக் கூடுதல் தொகுப்புகளும் அடங்கிய அல்டிமேட் பதிப்பைத் தள்ளுபடியில் வாங்குங்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் பெரிய தள்ளுபடிகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும். விலை ரூபாயிலேயே இருக்கும். அங்கே வாங்கிய கேமை 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்து, 14 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பலருக்கு இந்த விதி தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் கேம் ஓடுமா என்ற சந்தேகத்தை இதை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

அசெட்டோ கோர்சாவைத் திறந்ததும் ஃபெராரியை எடுத்துக்கொண்டு 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங்குக்குப் போகாதவர் குறைவு. முதல் வளைவிலேயே சுவரில் மோதி, இது நமக்கு வராது என்று விட்டுவிடுகிறவர்களும் இவர்கள்தான். சக்தி குறைந்த காரும் சிறிய தடமும் எடுங்கள். அபார்த் 500 அல்லது மாஸ்டா எம்எக்ஸ்-5. தடத்துக்கு இத்தாலியின் மஜோனே, சுற்று 2.5 கிலோமீட்டர். ஒரே காரை ஒரே தடத்தில் ஒரு வாரம் ஓட்டினால் பிரேக் எங்கே மிதிப்பது, எங்கே விடுவது என்பது மனப்பாடமாகிவிடும். அதன்பிறகு எந்தக் கார் கிடைத்தாலும் அதன் குணம் உங்களுக்குப் புரியும்.

அஜித்தின் அணி ஓட்டிய போர்ஷே 911 கப் காரை ஓட்ட ஆசையா? அசெட்டோ கோர்சா காம்பட்டிசியோனேயின் கூடுதல் தொகுப்பு ஒன்றில் அது உண்டு, ஐரேஸிங்கிலும் உண்டு. முதல் கேமாக இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். காம்பட்டிசியோனே நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். ஐரேஸிங்குக்கு டாலரில் சந்தா கட்ட வேண்டும். அதற்கு மேல் கார்களையும் தடங்களையும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒழுங்கான ஆன்லைன் பந்தயம் என்றால் ஐரேஸிங்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது இரண்டாம் ஆண்டுக்கான செலவு.

மண்பாதையில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு டர்ட் ரேலி 2.0 இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரியானவை கேம்பேடுக்காகவே செய்யப்பட்டவை. நண்பர்களோடு ஜாலியாக ஓட்டலாம், ஸ்டீயரிங்கால் பெரிய லாபம் இல்லை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தொட்டுப் பார்க்க விரும்பினால் லைவ் ஃபார் ஸ்பீட் டெமோவை இறக்குங்கள். மூன்று கார், ஒரு தடம், பழைய படம். ஆனால் டயரின் நடத்தை இன்றைக்கும் மெச்சும்படி இருக்கும்.

ஸ்டீயரிங் இல்லாமல், கேம்பேடிலோ கீபோர்டிலோ இவற்றில் ஒன்றை ஒரு மாதமாவது ஓட்டுங்கள். அந்த மாதத்திலேயே அலுத்துவிட்டால் பெரிய தொகை மிச்சம்.

உட்காரும் இடம்

கடைக்காரர்களும் விளம்பரங்களும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் நம் வீடுகளில் ஸ்டீயரிங் வாங்கியவர்கள் முதல் நாளே திண்டாடுவது இதில்தான்.

இந்தப் பெடல்கள் வெளிநாட்டு வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே தரையில் கார்பெட் இருக்கும். லாஜிடெக் பெடலின் அடியில் கார்பெட்டைக் கவ்விப்பிடிக்கும் பல்வரிசை ஒன்று மடங்கி விரியும். நம் வீட்டு டைல்ஸ் தரையில் அதற்கு வேலையே இல்லை. அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்ததும் பெடல் சறுக்கி மேசைக்கு அடியில் போய்விடும். நீங்கள் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அதே மிதியில் நாற்காலி பின்னால் ஓடும். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதும். பிரேக் மிதிக்கும் அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் கால் கற்றுக்கொள்ளும். பெடல் நகர்ந்துகொண்டே இருந்தால் எத்தனை மாதம் ஓட்டினாலும் கால் ஒன்றும் கற்காது.

காசில்லாத தீர்வு: மேசையைச் சுவரோரம் போட்டு, பெடலின் முதுகு சுவரில் முட்டும்படி வையுங்கள். இடைவெளி இருந்தால் மரக்கட்டை வைத்து நிரப்புங்கள். சக்கரம் வைத்த நாற்காலியைத் தள்ளிவிட்டு, நாலுகால் மர நாற்காலி போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கம் வளையும், அது ஆகாது. மேசை விளிம்பின் தடிமனை ஸ்டீயரிங் வாங்கும் முன்னாலேயே அளந்து பாருங்கள். பழைய தேக்கு மேசைகளில் விளிம்புக்குக் கீழே இழுப்பறைச் சட்டம் வரும். ஸ்டீயரிங்கை மேசையோடு இறுக்கும் கிளாம்பு பிடிக்க இடமே இருக்காது.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், ஆயத்த ஸ்டாண்டை ஆன்லைனில் வாங்கும் முன் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். சன்னல் கம்பியும் கேட்டும் அடிக்கும் அண்ணாச்சிக்கு இது அரைநாள் வேலை. ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் தரையோடு படியும் ஒரு செவ்வகம்; அதன்மேல் ஸ்டீயரிங் பலகைக்கு இரண்டு தூண்; பெடலுக்குச் சாய்வான ஒரு சட்டம்; பின்னால் நாற்காலியின் முன்கால்கள் மாட்டிக்கொள்ள ஒரு குறுக்குக்கம்பி. நாற்காலியும் பெடலும் ஒரே சட்டத்தில் பிணைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தள்ள முடியாது. தரை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் கவலையில்லை. பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஸ்டீயரிங்கின் அடியிலும் பெடலின் அடியிலும் போல்ட் துளைகள் இருக்கும். காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு போய்த் துளையிட்டு வாங்குங்கள்.

அளவுகளை அண்ணாச்சியிடம் விட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பை வைத்துச் சொல்லுங்கள். முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்துக் கையை நீட்டினால், ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் மணிக்கட்டு படிய வேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஒரே ஸ்டாண்டில் அண்ணனும் தம்பியும் ஓட்டுவதானால், பெடல் சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்த வரிசையாகத் துளைகள் போடச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங்

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் பார்த்திருப்பார்கள். வளைவுக்கு வளைவு அவர் கைமாற்றிக் கைமாற்றி ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டே இருப்பார். 270 டிகிரி மட்டும் திரும்பும் மலிவான ஸ்டீயரிங்கில் அந்த வளைவை ஒரு கைத்திருப்பில் முடித்துவிடலாம். அப்படிப் பழகிய கைக்கு லாரியும் வராது, காரும் வராது. 900 டிகிரியாவது திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, உள்ளே மோட்டார் இருக்கிறதா என்பது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெட்டியில் போட்டிருந்தால், கேம் கணக்கிடும் டயரின் விசையை ஒரு மோட்டார் உங்கள் கைக்குக் கொண்டுவருகிறது என்று பொருள். வைப்ரேஷன் என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே இருப்பது நடுநிலைக்குத் திரும்பி இழுக்கும் ஸ்பிரிங்கோ ரப்பரோதான். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வளைவில் வேகம் கூடி முன்டயர் பிடி நழுவும்போது நிஜக் காரில் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். ஆற்று மணலில் சைக்கிளை விட்டவர்களுக்கு ஹேண்டில்பாரில் அந்த வெறுமை தெரிந்திருக்கும். மோட்டார் உள்ள ஸ்டீயரிங்கில் அந்தச் செய்தி, கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். ஸ்பிரிங் ஸ்டீயரிங்கில் கார் சறுக்கினாலும் நின்றாலும் ஒரே இழுப்புதான்.

அதனால் பத்தாயிரத்துக்குள் மோட்டார் இல்லாத ஸ்டீயரிங்கை யாரும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவ்வளவுதான் பணம் என்றால் நல்ல கேம்பேடு ஒன்று வாங்கிவிட்டு மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள். கேம்பேடால் பழக்கம் கெடாது.

மோட்டார் உள்ளவற்றில் மூன்று வகை. பல்சக்கரம் வழியாக விசை தருபவை லாஜிடெக்கின் ஜி29, ஜி920, ஜி923. சற்றுக் கடகடக்கும், விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் பல ஆண்டு உழைக்கும். பெல்ட் வழியாகத் தருபவற்றில் பெயர்பெற்றது திரஸ்ட்மாஸ்டர் டி300. மென்மையும் அமைதியும் அதிகம், விலையும் அதிகம். நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறி விசை தளரும். நம் சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாத அறையில் இது சீக்கிரமே தெரியும். மூன்றாவது டைரக்ட் டிரைவ். ஸ்டீயரிங் நேராக மோட்டார் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டரும் மோஸா ஆர்5 5.5 நியூட்டன் மீட்டரும் தருகின்றன. அருமையான சாதனங்கள்தான். ஆனால் மேசையில் கிளாம்பு போட்டு மாட்டினால் மேசையே ஆடும். ஸ்டாண்டுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாதவர் இதற்குப் போகக் கூடாது.

தொடங்குகிறவருக்கு இந்த மூன்றில் லாஜிடெக்கைச் சொல்வேன். புதிது இருபதாயிரத்தைத் தாண்டும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கம்ப்யூட்டருக்கும். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டுகிறவர் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கலாம். நாளைக்கு வீட்டில் பிளேஸ்டேஷன் வரும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே ஜி29 எடுங்கள். மாற்றி வாங்கினால் வேலைக்கு ஆகாது. கியர் கம்பு தனியாக விற்கிறார்கள். அதை இடதுபக்கமும் மாட்டலாம். நம்மூர்க் கார் ஓட்டிப் பழகியவர்கள் இடதுபக்கமே மாட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கிறது. லோட் செல் பெடல், கால் எவ்வளவு அழுத்தியது என்று அளக்கிறது. நிஜக் காரில் நாம் பிரேக்கை அழுத்தத்தால்தான் உணர்கிறோம். சுற்று நேரத்தைக் குறைப்பதில் பெரிய மோட்டாரைவிட லோட் செல் பிரேக்தான் அதிகம் உதவும். அடுத்த கட்டத்துக்குப் பணம் சேர்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது பெடலை.

அமைப்புகள்

மோட்டாரின் விசையை நூறு சதவீதத்தில் வைத்தால் உணர்வு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாரின் எல்லையைத் தாண்டிக் கேம் விசை கேட்கும்போது நடுத்தர விசையும் பெரிய விசையும் ஒன்றாகிவிடும். நுணுக்கம் எல்லாம் போய்விடும். நீண்ட வளைவில் கை சற்றுக் கனப்பதும் லேசாவதும் தெரியும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். மென்பொருளில் நடுநிலைக்கு இழுக்கும் ஸ்பிரிங் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் முதல் மாதம் இருக்கட்டும்; வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையான ஜிடி3 பந்தயக் கார்களிலேயே இரண்டும் உண்டு.

திரையை ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். பார்வைக் கோணத்தையும் கவனியுங்கள். 24 அங்குலத் திரை கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் சரியான செங்குத்துக் கோணம் சுமார் 28 டிகிரி. முதலில் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போலக் குறுகலாகத் தோன்றும். 40இல் தொடங்கி மெல்ல இறக்குங்கள். கோணம் சரியானால் வளைவின் தூரம் கண்ணுக்குச் சரியாகப் படும். பிரேக் மிதிக்கும் இடம் தவறாது.

வாங்கும் நாள்

நம்மூர்க் கடைகளில் ஸ்டீயரிங்கைச் சுழற்றிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு அரிது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்குவீர்கள். இந்திய வாரண்டியும் ஜிஎஸ்டி பில்லும் உள்ள விற்பனையாளரிடமே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் மலிவாகக் கொண்டுவருவதாகச் சொன்னால், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பழையது வாங்கினால் கம்ப்யூட்டரோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். லாஜிடெக், திரஸ்ட்மாஸ்டர் என்றால், இணைத்ததும் ஸ்டீயரிங் தானாக இரு கடைசிக்கும் ஒருமுறை திரும்பி நடுவில் நிற்க வேண்டும். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சாளரத்தில் ஒவ்வொரு பெடலையும் மெதுவாக மிதித்துப் பாருங்கள். பட்டை சீராக ஏற வேண்டும். துள்ளினால் உள்ளே தூசி அடைந்திருக்கிறது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நடுவில் ஸ்டீயரிங்கை விரலால் அசைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறித் தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடாப்டர் அசல்தானா என்பதையும் பாருங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பும்போதும் ஸ்டீயரிங் இதேபோல் தானாகச் சுழலும். ஆரக்கம்பிகளுக்கு இடையில் குழந்தையின் கை இருந்தால் நசுங்கும். டைரக்ட் டிரைவ் என்றால் ஓட்டும்போதே பெரியவர் கட்டைவிரலுக்கும் ஆபத்து. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

புதிய பெட்டி வந்தால், பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அன்றைக்கே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாள்தான் இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரணில் பத்திரமாக வையுங்கள்.